மூன்றாம் ஆண்டு மருத்துவம்: வார்டும் ஆராய்ச்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றாம் ஆண்டுக்கு வரும் மருத்துவ மாணவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை, கேட்கிற முகங்கள்தான் மாறுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்துவைத்தேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

மூணாம் வருஷத்துல அப்படி என்ன புதுசு? ரெண்டு வருஷமா படிச்சதோட தொடர்ச்சிதானே?

பாடம் தொடர்ச்சிதான், திசைதான் தலைகீழ். இதுவரை நோயின் பெயர் மேலே இருந்தது, அறிகுறிகள் அதற்குக் கீழே வரிசையாக நின்றன. இனி எதிரே உட்காருகிறவர் "வயிறு என்னமோ பண்ணுது டாக்டர்" என்பார். அங்கிருந்து நீங்கள்தான் மேலே ஏற வேண்டும். முதல் இரண்டு வருடம் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இந்த இடத்தில் ஒரு மாதம் தடுமாறுவார்கள். அது தகுதிக் குறைவு இல்லை.

சில நாடுகளில் இந்த வருடம் முழு நாளும் வார்டுதான். சில நாடுகளில் காலையில் வார்டு, பிற்பகல் வகுப்பு. எப்படி இருந்தாலும் மெடிசின், சர்ஜரி, குழந்தைகள், மகப்பேறு என்று சில வாரங்களுக்கு ஒருமுறை போஸ்டிங் மாறும். ஒரு யூனிட்டின், அதாவது ஒரு டாக்டர் குழுவின், பழக்கவழக்கம் பிடிபடும்போது அடுத்ததற்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் நாள் வார்டுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஸ்டெதஸ்கோப், டார்ச், விநாடி முள் உள்ள கடிகாரம், பாக்கெட்டில் அடங்குகிற நோட்டு, இரண்டு பேனா. ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதனால்தான் இரண்டு. கையைச் சுத்தம் செய்யாமல் யாரையும் தொடாதீர்கள். தொட்ட பிறகும் சுத்தம் செய்யுங்கள். கையைக் கழுவினால் பிரசவ வார்டில் சாவு குறையும் என்று 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்ததைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, வார்டில் அதை மறக்கிறவர்கள் ஏராளம். அவர் குற்றம்சாட்டிய கைகளில் மாணவர்களின் கைகளும் உண்டு. பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்குப் போனவர்கள் அவர்களும்தான்.

நோயாளிகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது? ரொம்பக் கூச்சமா இருக்கு. அவங்களுக்கு நம்மால என்ன பிரயோஜனம்?

பெயரைச் சொல்லுங்கள், மாணவர் என்று சொல்லுங்கள், பேசலாமா என்று கேளுங்கள். டாக்டர் என்று அவரே நினைத்துக்கொண்டாலும் திருத்துங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். சரி என்றால் உட்கார்ந்து பேசுங்கள், நின்றுகொண்டு வேண்டாம். "என்ன பிரச்சினைக்காக வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் உண்மையிலேயே கஷ்டமான வேலை. முதல் இரண்டு நிமிடம் குறுக்கிடாதீர்கள். நோயாளி தானாகச் சொல்கிற வரிசையிலேயே பாதி விஷயம் இருக்கும்.

பிரயோஜனம் என்று கேட்டால், அந்த வார்டில் அவசரமில்லாத ஒரே ஆள் நீங்கள்தான். வார்டைப் பார்த்துக்கொள்ளும் இளம் டாக்டரான ரெசிடென்டுக்கு முப்பது பேர், உங்களுக்கு ஒருவர். வேறு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மாதிரியான விஷயங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்ட மாணவர் வாயிலிருந்துதான் பல தடவை வெளியே வரும். வந்தால் உடனே யூனிட்டில் சொல்லுங்கள். கேஸ் ப்ரசென்ட் செய்யும்போது, அதாவது நோயாளியைப் பற்றி ஆசிரியர் முன் எடுத்துச் சொல்லும்போது, அசத்தலாம் என்று பதுக்கிவைக்காதீர்கள்.

ஸ்டெதஸ்கோப்ல எனக்கு ஒண்ணுமே கேக்கல. எல்லாரும் கேட்டுச்சுன்னு தலையாட்டுறாங்க. நானும் ஆட்டிடலாமா?

ஆட்டாதீர்கள். ஒரு உண்மையைச் சொல்கிறேன், தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கும் கேட்டிருக்காது. "எனக்குக் கேட்கவில்லை, எங்கே வைத்துக் கேட்க வேண்டும்?" என்று கேட்டால், நல்ல ஆசிரியர் உங்கள் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார். மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் மைட்ரல் வால்வு குறுகிப்போவது) முணுமுணுப்பு மெல்லியது, தாழ்ந்த சுருதி. நோயாளியை இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, இதய நுனியில் ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணம் போன்ற பெல் பக்கத்தை அழுத்தாமல் வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால்தான் பிடிபடும். பெல்லை அழுத்தினால் தோலே இழுபட்டு டயாஃப்ரம் (ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான பக்கம்) மாதிரி ஆகி, கேட்க வேண்டியதை மறைத்துவிடும். அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷன் (அயோர்ட்டிக் வால்வு வழியாக ரத்தம் பின்னால் கசிவது) என்றால் உட்கார்ந்து முன்னால் குனியச் சொல்லி, டயாஃப்ரத்தை நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் அழுத்தி வைக்க வேண்டும். இன்னொரு கையின் விரல் கழுத்து நாடியில் இருக்கட்டும். சத்தம் நாடி துடிக்கும்போதா, அதற்கு அப்புறமா என்று அப்போதுதான் தெரியும்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு நோயாளியின் நோட்டில் "மண்ணீரல் கையில் படவில்லை" என்று எழுதினேன். உண்மையில் நான் வயிற்றைத் தொடவே இல்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. காய்ச்சலோடு வந்த யாருக்கும் எழுதுகிற வரிதானே என்று எழுதிவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் பேராசிரியர் வலது அடிவயிற்றிலிருந்து விரல்களை மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். தொப்புளைத் தாண்டும் முன்பே விரல் நின்றது. மண்ணீரல் அவ்வளவு பெரிது. என் நோட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து "இல்லை" என்பதையும் "பார்க்கவில்லை" என்பதையும் தனித்தனியாக எழுதுகிறேன். ஆராய்ச்சிப் பகுதியில் இதே விஷயம் வேறு வேஷத்தில் திரும்ப வரும்.

கேஸ் ப்ரசென்ட் பண்றப்ப எதைச் சொல்றது, எதை விடுறது? எல்லாத்தையும் சொன்னா 'சுருக்கமா'ங்கிறாங்க, சுருக்கினா 'இதைக் கேக்கலையா'ங்கிறாங்க.

"நோயாளிக்கு மூச்சுத்திணறல்" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இதைக் கேளுங்கள்: "52 வயது ஆண், பதினைந்து வருடமாக நீரிழிவு. மூன்று வாரமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான்கு நாளாகப் படுத்தாலே வாங்குகிறது, மூன்று தலையணை வைத்துத் தூங்குகிறார். நேற்றிரவு தூக்கத்திலிருந்து எழுந்து ஜன்னலருகே போய் உட்கார்ந்தார். இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. காய்ச்சல் இல்லை, சளியில் ரத்தம் இல்லை, இளைப்புச் சத்தம் இல்லை." கேட்பவர் இதற்குள் இதயத்துக்குப் போய்விட்டார். அந்த மூன்று "இல்லை"களும் அலங்காரத்துக்குச் சொன்னவை அல்ல. நிமோனியா, காசநோய், ஆஸ்துமா ஆகியவற்றை மனதில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன் என்று அவை சொல்கின்றன.

எதை விடுவது என்றால், எந்த நோயின் சாத்தியத்தையும் கூட்டாத, குறைக்காத விவரத்தை விடுங்கள். ஆனால் நோட்டில் இருக்கட்டும். வாயால் சொல்வது ஐந்து நிமிடம், எழுதி வைத்திருப்பது ஐந்து பக்கம்.

ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினேன். நான் இதுக்கு லாயக்கில்லையோ?

ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போனதற்கு இவ்வளவு பெரிய முடிவு வேண்டாம். அன்று சாயங்காலமே அந்த விஷயத்தைப் படித்துவிடுங்கள், சாகும்வரை மறக்காது. ஆனால் பாடத்துக்காகத் திட்டுவது வேறு, ஆளை மட்டம் தட்டுவது வேறு. சாதி, பாலினம், உடல்வாகு என்று பேச்சு போனால் அது பயிற்சி இல்லை. தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு, கல்லூரியில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது ஊசி கையில குத்திடுச்சு. சொன்னா மாட்டிக்குவேன். கழுவிட்டு விட்டுடலாமா?

விடக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுப்பது, பிளீச் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்காக 71ஆம் மணி வரை காத்திருக்காதீர்கள், முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்களுக்கு அந்த வைரஸ் தொற்றும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு, 30 சதவீதம் வரை போகலாம். அதனால் வார்டுக்குள் கால் வைக்கும் முன் அந்தத் தடுப்பூசியை மூன்று டோஸும் முடித்திருங்கள். அப்புறம், பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட முயலாதீர்கள். குத்துக்களில் நிறைய அந்த நேரத்தில் நடப்பவைதான்.

மூணாம் வருஷத்துலயே ஆராய்ச்சியா? முதல்ல பாஸ் பண்றதைப் பாக்கலாம்ல?

கட்டாயம் ஒன்றும் இல்லை. பாடம் ஏற்கெனவே தேங்கியிருந்தால் அதைத்தான் பாருங்கள். ஆனால் "மாணவர்களால் என்ன முடியும்" என்கிற காரணத்துக்காக விடாதீர்கள். பால் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவராக இருக்கும்போதே 1868இல் தோலில் உள்ள செல்களையும், மறு வருடம் கணையத்தில் உள்ள தீவுகளையும் விவரித்தார். இரண்டுக்கும் இன்று அவர் பெயர்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹவல் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்த ஜே மெக்லீன், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப் போய், உறையவிடாத ஒன்றை 1916இல் கண்டார். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் என்ற மருந்தின் கதை அங்கே தொடங்கியது. அவர் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவர்.

நீங்கள் ஹெப்பரின் கண்டுபிடிக்கப்போவதில்லை, பரவாயில்லை. ஒரு சின்னக் கேள்வியை எடுத்து முடித்துப் பார்த்தவருக்கு, அதற்கப்புறம் மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கிற விதமே மாறிவிடும். அதுதான் லாபம்.

தலைப்பு எங்கிருந்து எடுக்கிறது? கைடு கிட்ட கேட்டா 'நீயே யோசிச்சிட்டு வா'ங்கிறார்.

அவர் சொல்வது சரிதான். பாக்கெட் நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்குங்கள். "ஏன் இந்த வார்டில் திங்கட்கிழமை மட்டும் இத்தனை பேர்?", "டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு மாத்திரைச் சீட்டு புரிகிறதா?" என்று தோன்றுவதையெல்லாம் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் படித்தால் பத்தில் எட்டு அசட்டுத்தனமாக இருக்கும், மிச்ச இரண்டை எடுத்துக்கொண்டு கைடைப் பாருங்கள்.

பெரிய கண்டுபிடிப்புகளில் சிலவும் ஹிஸ்டரி எடுக்கும், அதாவது நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்கும், இடத்திலிருந்து வந்தவைதான். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு அடுத்தடுத்துக் குழந்தைகள் வருவதைக் கவனித்து, தாய்மார்களிடம் கர்ப்பகாலத்தைப் பற்றிக் கேட்டார். தொடக்க மாதங்களில் பலருக்கு ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்திருந்தது. 1941இல் அதை வெளியிட்டார். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய டால், ஹில் இருவரின் 1950ஆம் ஆண்டு ஆய்விலும் முதன்மையான கருவி, லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் ஒழுங்காகக் கேட்ட கேள்விகள்தான். நீங்கள் தினமும் செய்கிற வேலை அது.

சரி, எந்த மாதிரி ஆய்வு என்னால முடிக்க முடியும்?

ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும், கையில் பணம் இல்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. அபூர்வமான ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட், ஒரே காலகட்டத்தில் பலரிடம் கேட்டு அளக்கிற குறுக்குவெட்டு ஆய்வு, பழைய கேஸ் ஷீட்டுகளை, அதாவது நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுகளை, திரும்பிப் பார்க்கும் ஆய்வு. மருந்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்து ஒப்பிடுகிற ஆய்வைத் தனியாக ஆரம்பிக்காதீர்கள். பெரிய குழுவில் ஒரு கையாக இருக்கலாம்.

கேஸ் ஷீட் ஆய்வுதான் எளிது என்று எல்லோரும் அதற்குப் போவார்கள். நானும் போனேன். புகைப்பழக்கம் என்ற பத்தியை நிரப்ப ஆரம்பித்தால், ஷீட்டுக்கு ஷீட் அந்த இடம் காலி. காலி என்றால் புகைக்கவில்லையா, யாரும் கேட்கவில்லையா? மண்ணீரல் கதை ஞாபகம் வந்தது. என்னைப் போன்ற ஒரு மாணவனின் அவசரத்தைத்தான் நான் டேட்டா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காலி இடத்தை "இல்லை" என்று நிரப்பினால் முடிவு அழகாக வரும், பொய்யாக இருக்கும். "பதிவில் இல்லை" என்று தனிக் குறியீடு கொடுங்கள், எத்தனை என்று கட்டுரையில் சொல்லுங்கள். தொடங்குவதற்கு முன்பு இருபது ஷீட்டை எடுத்து, உங்களுக்கு வேண்டிய விவரம் அவற்றில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருபதையும் அனுமதியோடுதான் எடுக்க வேண்டும். அது அடுத்த கேள்வி.

பழைய கேஸ் ஷீட்டைத்தானே பாக்குறேன், யாரையும் தொடப்போறதில்லையே. நெறிமுறைக் குழு அனுமதி எதுக்கு?

அந்தக் காகிதத்தில் இருப்பதை நோயாளி சொன்னது சிகிச்சைக்காக, உங்கள் கட்டுரைக்காக இல்லை. இதற்குத் தனிச் சம்மதம் வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆய்வு செய்கிற நீங்களே தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் குழு இருப்பதன் காரணம். இப்படிப்பட்ட ஆய்வுக்குத் தனித்தனிச் சம்மதம் தேவையில்லை என்று குழுவே விலக்கு தரலாம். அந்த விலக்கையும் எழுத்தில் வாங்க வேண்டும். டேட்டா சேகரித்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது, நல்ல ஜர்னலும் அதைத் தொடாது.

அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ள 399 கறுப்பின ஆண்களை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகச் சிகிச்சை தராமல் வைத்திருந்தார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்ட பிறகும் தரவில்லை. மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுக்கு நெறிகள் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் 1964இலேயே வந்துவிட்டது, ஆய்வு அதற்கப்புறமும் எட்டு வருடம் ஓடியது. அதைச் செய்தவர்களும் படித்த டாக்டர்கள்தான்.

ஒரு டெஸ்ட் 90 சதவீதம் சரியா சொல்லுமாம். பாசிட்டிவ் வந்தா நோய் இருக்க 90 சதவீதம் வாய்ப்புதானே?

இல்லை, இதில் டாக்டர்களே வழுக்குவார்கள். பேப்பரில் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர், அதில் பத்துப் பேருக்கு நோய். டெஸ்டின் சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன்) 90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்பது பேருக்குப் பாசிட்டிவ். ஸ்பெசிஃபிசிட்டியும் (நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன்) 90 சதவீதம் என்றால் நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ். மொத்தம் 108 பாசிட்டிவ், உண்மையில் நோய் உள்ளவர் ஒன்பது. ஆக, பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு சுமார் 8 சதவீதம்.

இதே டெஸ்டை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் செய்தால் அந்த 8 சதவீதம் 90 ஆகிவிடும். அதனால்தான் ஹிஸ்டரி. மேலே சொன்ன மூச்சுத்திணறல்காரர் மாதிரி, கேட்டுப் பரிசோதித்து இதுதான் என்று பாதி தெரிந்த பிறகு செய்கிற டெஸ்டுக்குத்தான் மதிப்பு.

பி மதிப்பு 0.05-க்கு மேல வந்துடுச்சு. ஆய்வு தோத்துப்போச்சா?

தோற்கவில்லை. ஒப்பிடுகிற இரண்டு குழுக்களுக்கு இடையே உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்தில், தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. வழக்கமான எல்லைக்கோடான 0.05க்கு மேல் போனால் வித்தியாசம் இல்லை என்று நிரூபணமாகிவிடாது. ஆள் எண்ணிக்கை போதாமலும் இருக்கலாம். உண்மையான வித்தியாசம் எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியைச் சேர்த்து எழுதுங்கள், படிப்பவர் புரிந்துகொள்வார்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வயதாகப் பிரித்து, எடையாகப் பிரித்து, எங்காவது 0.05க்குக் கீழே வருகிறதா என்று தோண்டுவது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத, உண்மையில் வித்தியாசமும் இல்லாத இருபது ஒப்பீடுகள் செய்தால், ஒன்றாவது தற்செயலாக 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு. பார்க்காத மண்ணீரலை எழுதியதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

டேட்டா முழுக்க நான்தான் சேகரிச்சேன். கட்டுரையில என் பேரே இல்ல. யாரைக் கேக்கிறது?

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ டேட்டா சேகரிப்பிலோ அலசலிலோ கணிசமான பங்கு. எழுதுவதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்துவதில் பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். கட்டுரையில் உள்ளதற்குப் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். சேகரிப்பு மட்டும் செய்தவருக்கு நன்றி வரிதான். ஆனால் முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்ற மூன்றையும் செய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே குழு சொல்கிறது. உங்கள் பிடி அங்கேதான். "வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்த முறை, வேலை தொடங்கும் நாளே யார் பெயர் எந்த இடம் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒரு ஜர்னல்ல இருந்து என்னைப் புகழ்ந்து மெயில் வந்துச்சு. அஞ்சு நாள்ல போடுறாங்களாம், பணம் மட்டும் கட்டணுமாம்.

அழித்துவிடுங்கள். பணம் வாங்கும் ஜர்னல் எல்லாமே மோசடி இல்லை, ஆனால் ஐந்து நாளில் யாரும் உண்மையாக மதிப்பாய்வு செய்ய முடியாது.

நான் ஹிஸ்டரி எடுத்த நோயாளி மறுநாள் காலையில இறந்துட்டார். ரொம்ப அபூர்வமான கேஸ், எழுதலாம்னு யூனிட்டில் சொல்றாங்க. எனக்கு அதை நினைக்கவே ஒரு மாதிரி இருக்கு.

ஒரு மாதிரி இருக்கட்டும், அது சரியான இடத்தில்தான் இருக்கிறது. முதலில் யூனிட்டில் யாரிடமாவது பேசுங்கள். "நேற்று சாயங்காலம் நான்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்" என்று ஆரம்பித்தால் போதும். தூக்கம் வரவில்லை, வார்டுக்குப் போகவே முடியவில்லை என்றால் கல்லூரியின் ஆலோசகரைப் பாருங்கள்.

எழுதுவதாக இருந்தால் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். துக்கம் நடக்கும் நாளில் படிவத்தை நீட்டாதீர்கள். சில வாரம் கழித்து, அவர்களுக்குத் தெரிந்த மூத்த டாக்டர் வழியாகக் கேளுங்கள், மறுத்தால் அத்தோடு விடுங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அபூர்வமான நோய், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் எடுத்த ஹிஸ்டரிதான் அவர் தன் நோயைப் பற்றிச் சொன்ன கடைசி விவரமாக இருக்கலாம். அதனால் அந்தப் பக்கங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். எது அவர் சொன்னது, எது நீங்கள் பரிசோதித்தது, எது கேட்காமல் விட்டது என்று ஓரத்தில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். அவர் சொன்ன வரிகளை மட்டும் திருத்தாதீர்கள்.